மூன்றாவது நாவலை நானே பதிப்பிக்கலாமா? ஏற்காட்டுக் கேள்விக்கு ஒரு சேலத்துப் பதில்

ஏற்காட்டில் ஆசிரியையாக இருக்கும் நாவலாசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு நாவல்கள் ஒரு பதிப்பகம் வழியாக வந்துவிட்டன. மூன்றாவது கையில் இருக்கிறது, சேர்வராயன் மலைக் கிராமத்தில் நடக்கும் ஒரு கொலையும் அதன் விசாரணையும்தான் கதை. இதை நானே வெளியிடலாமா என்பது முதல் கேள்வி. நான் ஆசையாகப் படிப்பதெல்லாம் துப்பறியும் கதைகள், பேய்க்கதைகள், வாரப்பத்திரிகையிலிருந்து பிரித்துத் தைத்த பழைய தொடர்கதை பைண்டிங்குகள், இதை வெளியில் சொன்னால் எழுத்தாளராக என் மதிப்பு குறையுமா என்பது இரண்டாவது.

சேலத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு லே-அவுட் போட்டு, மெய்ப்புப் பார்த்து (அதாவது அச்சுப் பிழை திருத்தி), அச்சகத்துக்கு அனுப்பி வைப்பது என் வேலை. எழுத்தாளர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்பார்கள். எனக்கு இவை ஒரே கேள்வி. அதனால் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

சுருக்கமான பதில்: தாராளமாக நீங்களே வெளியிடலாம். ஆனால் பதிப்பகத்தை விட்டு வெளியே வரும்போது எந்த வேலையை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பலரும் அச்சு வேலை என்று நினைக்கிறார்கள். அச்சு இன்றைக்கு மிக எளிது, காசு கொடுத்தால் ஒரு வாரத்தில் பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். பதிப்பாளர் உண்மையில் செய்கிற வேலை, அல்லது செய்ய வேண்டிய வேலை, வாசிப்பதுதான். ஒரு கையெழுத்துப் பிரதியைப் படித்து, இது இன்ன மாதிரிப் புத்தகம், இதை இன்னாரெல்லாம் விரும்புவார்கள், இந்த நாற்பது பக்கம் வேண்டாம், இந்த அத்தியாயம் முன்னால் வரட்டும் என்று சொல்லக்கூடிய வாசகர் அவர். அந்த நாற்காலியில் இனி நீங்கள் உட்காரப் போகிறீர்கள். அப்போது உங்களிடம் இருக்கிற மூலதனம், நீங்கள் இத்தனை காலம் வெறியோடு படித்த புத்தகங்கள்தான். அதை ஒளித்து வைத்துவிட்டுப் பதிப்பாளராக முடியாது.

இதற்கு நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சேலம் இராமசாமி முதலியார். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை நீதிபதியாக இருந்தார். அங்கே கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போகிறார், தான் படித்த அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று பட்டியல் சொல்கிறார். முதலியார் அதில் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் படித்ததில்லை. பிறகு தன்னிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்ததற்கும், அதன் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அந்தச் சந்திப்புத்தான் தொடக்கம். முதலியார் பதிப்பாளர் இல்லை, புலவர் என்று பெயர் வாங்கியவரும் இல்லை. தான் விரும்பிய புத்தகத்தைப் பற்றி வெட்கப்படாமல், விடாமல் பேசிய ஒரு வாசகர். சேலத்தில் புத்தக வேலை செய்கிற எவருக்கும் அவரை நினைத்துப் பெருமை இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கதையில் இன்னொரு பாதியும் உங்களுக்கு உதவும். சிந்தாமணியை அச்சிட ஐயரிடம் பணம் இல்லை. ஊர் ஊராகப் போய், இந்தப் புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று கையொப்பம் வாங்கினார். இன்று நாம் முன்வெளியீட்டுத் திட்டம் என்று சொல்வதும் அதே முறைதான். இதன் பக்கத்தில் பாரதியாரை வைத்துப் பாருங்கள். 1908இலேயே தன் சுதேச கீதங்களைத் தானே வெளியிட்டவர் அவர். 1920இல் தன் எழுத்துகளை எல்லாம் 40 தொகுதிகளாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகச் சொல்லி நண்பர்களிடம் கடன் கேட்டுக் கடிதம் அனுப்பினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார், திட்டம் அவர் காலத்தில் நடக்கவில்லை. இருவரையும் தட்டில் வைத்து நிறுக்க முடியாது. ஐயருக்குக் கல்லூரி வேலை இருந்தது, மடத்தின் ஆதரவு இருந்தது. பாரதிக்கு இரண்டும் இல்லை, அந்தக் கடிதத்தை நினைத்தாலே எனக்கு மனசு கனக்கும். ஆனால் பணத்தைப் பற்றி மட்டும் யோசித்தால், வாசகரிடம் முன்கூட்டி வாக்கு வாங்குவதும் நண்பரிடம் கடன் வாங்குவதும் வேறு வேறு. நகையை அடகு வைத்து 1,000 பிரதி அடிக்கப் போகிறேன் என்று இன்றும் என்னிடம் பலர் வருகிறார்கள். முதலில் 150 பேரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன்.

அந்த 150 பேர் எங்கே இருக்கிறார்கள்? இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. நீங்கள் படிப்பதையே படிக்கிறவர்கள்தான் அவர்கள். பழைய துப்பறியும் நாவலுக்காகப் பழைய புத்தகக் கடையில் குனிந்து தேடுகிறவர், அம்மா தைத்து வைத்த பைண்டிங்கைப் பரணிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு இதன் கடைசி அத்தியாயம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்கிறவர், பேருந்து நிலையத்தில் பாக்கெட் நாவல் வாங்கி ஆத்தூர் போய்ச் சேர்வதற்குள் முடித்தவர். இவர்கள் யாரும் இலக்கியக் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், ஆனால் புத்தகத்துக்குக் காசு கொடுத்துப் பழகியவர்கள். நீங்கள் படித்ததைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். உங்கள் நாவலைப் பற்றி மட்டும் எழுதினால் ஒருவரும் வர மாட்டார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மதிப்புக் குறையுமா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கொலைக்கதை எழுதுகிறவர் கொலைக்கதைகளை நேசித்துப் படிக்கவில்லை என்றால்தான் எனக்குப் பயம். எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "அருமை, அற்புதம், ஒரே மூச்சில் படித்தேன்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. குற்றவாளியை ஆசிரியர் எத்தனாவது பக்கத்தில் நம் கண் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்துகிறார், நாம் ஏன் அப்போது அவனைக் கவனிக்கவில்லை, துப்பறிகிறவருக்குத் தெரிந்தது எல்லாம் நமக்கும் தெரிகிறதா இல்லை ஒன்றை மறைத்து ஏமாற்றுகிறாரா, தொடர்கதையாக வந்ததால் வாரக் கடைசியில் எப்படித் தொங்கவிடுகிறார், அது புத்தகமாகும்போது எங்கே உறுத்துகிறது, இதையெல்லாம் எழுதுங்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு கட்டுரை போதும். மாதம் ஒன்று எழுதினாலும் சரிதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சக எழுத்தாளர்கள் புத்தகத்தை நீ என்னுடையதற்கு எழுது, நான் உன்னுடையதற்கு எழுதுகிறேன் என்று கொடுக்கல் வாங்கலாகப் புகழ்வது தமிழில் ஒரு நோய் மாதிரி இருக்கிறது. அதில் ஒரு முறை இறங்கினால் அதன்பின் உங்கள் சிபாரிசை யாரும் நம்ப மாட்டார்கள். பிடித்ததைப் பற்றி மட்டும் எழுதுங்கள், பிடிக்காததைப் பேசாமல் விட்டுவிடலாம், பிடிக்காததைப் பிடித்ததாக மட்டும் எழுத வேண்டாம்.

இந்த வழியைத் தமிழில் முதலில் வெற்றிகரமாகப் போட்டவர்கள் குடும்ப நாவல் எழுதும் பெண்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இலக்கியப் பத்திரிகைகள் அவர்களைக் கண்டுகொள்வதே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் முதலில் பிறர் கதைகளுக்குப் பின்னூட்டம் எழுதிய வாசகிகள். அப்புறம் தாங்களே அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் எழுதினார்கள், வாசகிகளோடு தினம் பேசினார்கள், பிரதிலிபி என்ற கதைத் தளத்துக்கும் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலுக்கும் போனார்கள், பிறகு வாடகை நூலகங்களுக்காக அச்சிலும் போட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவர்கள் கதை நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், ஆனால் தன் வாசகர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு தமிழில் வேறு யாருக்கும் தெரியாது.

சரி, வாசிப்பு பதிப்பு வேலையில் எப்படி நேரடியாக உதவும் என்று பார்ப்போம். நீங்கள் மிக விரும்பும் துப்பறியும் நாவல்கள் மூன்றை எடுத்துப் பென்சிலோடு இன்னொரு முறை படியுங்கள். பிணம் எத்தனாவது பக்கத்தில் விழுகிறது, விசாரிப்பவர் எப்போது வருகிறார், மொத்தம் எத்தனை பக்கம், ஊர் வருணனை எங்கெங்கே எவ்வளவு என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பிரதியை அதே பென்சிலோடு படியுங்கள். கொலை 90ஆம் பக்கத்தில் வருகிறது என்றால் முன்னால் உள்ளதில் பாதி போக வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும், எந்த எடிட்டரும் சொல்ல வேண்டியதில்லை. இதைச் செய்தபிறகும் ஒரு எடிட்டருக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும். அது வேறு விஷயம். ஆனால் அப்போது அவர் சொல்வது எது சரி, எது அவருடைய ருசி என்று பிரித்துப் பார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

துப்பறியும் கதை வாசகர் சாதாரண வாசகரைவிடக் கண்டிப்பானவர், குறிப்பாக இடமும் காலமும் பற்றி. மலையில் காபி பூப்பது மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்த பிறகு, பழம் பறிப்பு நவம்பர் வாக்கில் தொடங்கும். சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதம். திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் ஒருவன், சிவந்த காபிப் பழம் நிறைந்த செடிக்குப் பின்னால் ஒளிந்தான் என்று எழுதிவிட்டால் மலையில் இருக்கிற ஒவ்வொரு வாசகரும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். கொலையாளி அடிவாரத்துக்குப் பத்து நிமிடத்தில் வண்டியில் இறங்கிவிட்டான் என்றாலும் அதேதான், 20 கொண்டை ஊசி வளைவு அவனை விடாது. மலையின் இன்னொரு பாதையான குப்பனூர் பாதையில் இறங்கினான் என்றால் அவன் வந்து சேரும் இடமே வேறு. அலிபி, அதாவது கொலை நடந்தபோது நான் வேறு இடத்தில் இருந்தேன் என்ற வாதம், முழுக்க இந்த இரண்டு பாதைகளில்தானே நிற்கும்! அப்புறம் இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் பேச்சு (கேரளத்தவரைச் சொல்லவில்லை). கீழேயிருந்து போகிறவர்கள் அதைக் கொங்குத் தமிழ் மாதிரி எழுதிவிடுகிறார்கள். நீங்கள் அங்கேயே பாடம் நடத்துகிறவர், பெரியவர்கள் இரண்டு பேரை உட்கார வைத்து உரையாடல்களை மட்டும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்களோ, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்களோ, அதைத் திருத்துங்கள். நூலின் நன்றிப் பக்கத்தில் அவர்களுக்கு இடமும், கைக்கு ஒரு தொகையும் கொடுங்கள். பெரிய பதிப்பகம் எதுவும் உங்களுக்காக இதைச் செய்யாது.

மூன்றாவதை யோசிக்கும் முன் முதல் இரண்டு நாவல்களின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இங்கே எல்லாம் வாய்ப் பேச்சில் நடந்திருக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எழுத்தில் இருந்தும் எத்தனை காலம் என்று குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்று கொள்ளப்படும். எந்தப் பகுதிக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும். அதனால் பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தமே இல்லை என்றாலும் சண்டைக்குப் போக வேண்டாம். இருப்பில் உள்ள பிரதிகள் விற்றுத் தீரும்வரை விற்றுக்கொள்ளுங்கள், மறுபதிப்பும் மின்னூலும் நானே போட்டுக்கொள்கிறேன் என்று மரியாதையாக ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, பதிலை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். மூன்றாவது நாவலைப் படித்து முடித்தவர் உடனே முதல் இரண்டையும் தேடுவார். அவை கிடைக்காவிட்டால் பாதி பலன் போய்விடும்.

பணக் கணக்கு. இது ஒரு மாதிரிக் கணக்குத்தான், உங்கள் அச்சகம் சொல்லும் விலையைப் போட்டுப் பாருங்கள். 240 பக்கம், டெமி அளவு, விலை 300 ரூபாய், பிரதிக்கு அச்சுச் செலவு 110 என்று வைப்போம். கடைக்குக் கொடுத்தால் 40 சதவீதம் தள்ளுபடி, கைக்கு வருவது 180, அச்சு போக 70. நீங்களே தபாலில் அனுப்பினால் கட்டி அனுப்ப 60 போனாலும் 130 மிஞ்சும். எடிட்டிங், மெய்ப்பு, லே-அவுட், அட்டை எல்லாம் சேர்த்து 30,000 ஆனது என்றால், நேரடியாக 231 பிரதி விற்றால் போட்ட பணம் திரும்பும், கடை வழியே மட்டும் என்றால் 429 வேண்டும். பதிப்பகம் வழக்கமாகத் தரும் 10 சதவீத ராயல்டியில் பிரதிக்கு 30 ரூபாய், 1,000 பிரதி விற்றால் உங்களுக்கு 30,000, உங்கள் கைக்காசு ஒன்றும் போகாமல். கணக்கு ஒழுங்காக வந்தால். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நேரடியாக வாங்குவதற்கு 231 பேரைச் சேர்க்க முடியும் என்று தோன்றினால் தைரியமாக இறங்கலாம். இல்லையென்றால் இன்னும் ஓராண்டு படித்ததைப் பற்றி எழுதிக்கொண்டிருங்கள், நாவல் எங்கேயும் ஓடிவிடாது.

அச்சு விஷயத்தில் சில சொல்கிறேன். 500 பிரதிக்குக் கீழே என்றால் பிரின்ட் ஆன் டிமாண்ட், அதாவது வேண்டிய அளவுக்கு மட்டும் அச்சிடும் முறை; அதற்கு மேலே, தகடு செய்து மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட் கட்டுப்படியாகத் தொடங்கும். முதலில் 100 போட்டு, விற்ற பிறகு அடுத்த 100 போடலாம், கட்டிலுக்கு அடியில் புத்தகங்கள் கட்டுக் கட்டாகத் தூங்க வேண்டியதில்லை. ஆஃப்செட் என்றால் 16 பக்கம் ஒரு ஃபாரம், 240 என்பது சரியாக 15 ஃபாரம். 244 பக்கம் வந்தால் அந்த 4 பக்கத்துக்காகக் கூடுதல் தாளும் அச்சும் போகும், எழுத்தைச் சுருக்காமல் பத்தியைச் சரிசெய்து உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். எழுத்துரு பிரச்சினை இன்னும் தீரவில்லை. நீங்கள் யூனிகோடில் கொடுப்பீர்கள், பல அச்சகங்கள் அதைத் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் லே-அவுட் செய்யும், அந்த மாற்றத்தில் ஸ்ரீ, க்ஷ காணாமல் போகும், கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், ஔவை என்பது ஒளவை ஆகும். அதனால் லே-அவுட் முடிந்த பிறகு தாளில் எடுத்து ஒரு முழு மெய்ப்பு வேண்டும். அதை நீங்கள் பார்க்கக் கூடாது, எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. ஒற்று மிகும் இடம், மிகா இடம் தெரிந்த ஒருவருக்குப் பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேலத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் எத்தனையோ பேர் இதை அன்போடு செய்வார்கள். அட்டைக்கு மீண்டும் உங்கள் வாசிப்புதான் வழி. உங்கள் அலமாரியில் எந்த அட்டையைப் பார்த்துக் கை தானாகப் போகிறதோ, அவற்றைப் படம் எடுத்து ஓவியரிடம் காட்டுங்கள். மூடுபனி, தனி மரம், திரும்பி நிற்கும் பெண் என்று போட்டால் கவிதைத் தொகுப்பு என்று நினைத்துத் துப்பறியும் வாசகர் தாண்டிப் போய்விடுவார்.

இன்னொரு எச்சரிக்கை. பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தருகிற நிறுவனங்கள் உண்டு. வேலையை ஒழுங்காகச் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், ஓய்வூதியப் பணத்திலிருந்து பெரிய தொகை கட்டினார். 50 பிரதி கொடுத்தார்கள், இரண்டாம் பதிப்புக்கு ஃபைல் கேட்டபோது அது எங்கள் சொத்து என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: லே-அவுட்டின் திறந்த (திருத்தக்கூடிய) ஃபைலும் அட்டை ஃபைலும் என் கைக்கு வருமா, புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். யார் பெயரில், விலையை யார் வைப்பது, எத்தனை பிரதி யாரிடம் இருக்கும், விலகினால் என்ன. பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

ஐ.எஸ்.பி.என். வாங்க இந்தியாவில் கட்டணம் கிடையாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் ராஜா ராம்மோகன் ராய் முகமை இணையத்தில் விண்ணப்பம் வாங்கிக் கொடுக்கிறது, எழுத்தாளர்கள் தனிநபராகவும் விண்ணப்பிக்கலாம், சில வாரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். நிறுவனம் கொடுக்கும் எண்ணை வாங்கினால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான். அச்சுப் பிரதிக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. நீங்கள் பதிப்பாளர் ஆகிவிட்டதால் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்: வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்பட 4 நூலகங்களுக்கு உங்கள் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். பலர் அனுப்புவதில்லை. அனுப்புங்கள். சேர்வராயன் மலையைப் பற்றி ஐம்பது வருடம் கழித்து ஒருவர் தேடும்போது உங்கள் நாவல் கன்னிமாராவில் இருக்க வேண்டும். பொது நூலகத் துறை புத்தகம் வாங்க விண்ணப்பம் கேட்கும்போது போடுங்கள், ஆனால் அந்த ஆர்டரை நம்பி அச்சு எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம்.

மின்னூல் கட்டாயம் போடுங்கள். கிண்டிலில் தமிழுக்கு 2016 கடைசியிலிருந்து இடம் உண்டு. பி.டி.எஃப். ஆகப் போடாமல் யூனிகோடு வேர்டு ஃபைலாகவோ இ-பப் ஆகவோ ஏற்றினால்தான் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடியும், நம் வாசகர்களில் கண்ணாடி போட்டவர்கள் அதிகம். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டும் என்றால் கிண்டிலின் கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 35தான். அதில் சேர்ந்தால் ஒவ்வொரு 90 நாளும் அந்த நாவல் மின்வடிவில் வேறு எங்கும் இருக்கக் கூடாது, பிரதிலிபியில் நீங்கள் போட்ட அத்தியாயங்களும் சேர்த்துத்தான். அச்சுக்கு இந்தத் தடை கிடையாது. சந்தா கட்டிப் படிப்பவர்கள் புரட்டும் பக்கத்துக்கு ஏற்பவும் பணம் வரும், விறுவிறுப்பான கதைக்கு அது நல்ல வழி. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கும் இது வசதி.

தபாலைப் பொறுத்தவரை, புத்தகங்களுக்கென்று மலிவாக இருந்த பதிவு புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். சிறு பதிப்பாளர்களுக்கு அது பெரிய அடி, எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் விலை வைக்கும்போதே அனுப்பும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேலத்துக்குள் என்றால் தபாலே வேண்டாம், நாலு ரோடு பக்கம் தெரிந்த கடை ஒன்றில் வைத்துவிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லலாம்.

காலம் முக்கியம். எல்லோரும் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஓடுகிறார்கள். நவம்பர், டிசம்பரில் அச்சகங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது, அவசரத்தில் பக்கம் மாறிப் போகும், அங்கே குவிகிற புத்தகங்களில் புதியவர் நாவலை யாரும் பார்க்கவும் மாட்டார்கள். 2005 முதல் ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழா நமக்குப் பக்கம், குடும்பம் குடும்பமாக வந்து வாங்குகிற கூட்டம். உங்களுக்குத் தனி அரங்கு தேவையில்லை, தெரிந்த பதிப்பாளர் ஒருவரிடம் 30 பிரதி வைக்கச் சொன்னால் போதும். சேலம் புத்தகத் திருவிழாவுக்கும் அப்படியே. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், மாலை, சால்வை என்று செலவழிக்காமல், ஏற்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர்களை வரச் சொல்லி, நீங்கள் விரும்பிய துப்பறியும் கதைகளைப் பற்றி மத்தியானம் வரை பேசி, அதன் பிறகு உங்கள் நாவலிலிருந்து ஓர் அத்தியாயம் படியுங்கள். கொலையாளி யார் என்று தெரியும் இடத்துக்கு முன்னால் நிறுத்திவிடுங்கள்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் இதெல்லாம் வேண்டாம் என்பேன். நல்ல எடிட்டர் இருக்கிற, ராயல்டிக் கணக்கை வருடா வருடம் ஒழுங்காக அனுப்புகிற பதிப்பகம் ஒன்று உங்கள் நாவலை உண்மையாகவே விரும்பிக் கேட்டால், அங்கேயே கொடுங்கள், மின்னூல் உரிமையை மட்டும் உங்களிடம் வைத்துக்கொண்டு. தமிழில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படி யாரும் இல்லை என்றால், அடுத்த ஈரோட்டைக் குறியாக வைத்து வேலையைத் தொடங்குங்கள். ஜூன் கடைசிக்குள் ஃபைல் அச்சகத்துக்குப் போக வேண்டும், அப்படியானால் மெய்ப்பு மே மாதத்தில், பள்ளி விடுமுறையில் முடிந்துவிடும். படித்த புத்தகங்களைப் பற்றிய முதல் கட்டுரையை மட்டும் அதுவரை தள்ளிப் போடாமல் இந்த வாரமே எழுதிவிடுங்கள். அந்தப் பைண்டிங் தொடர்கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.